அம்மாவின் இருமல்

சென்ற மார்கழியில் அம்மாவுக்குப் பிடித்த ஜலதோஷம் நான்கு நாட்களில் நீங்கிவிட்டது. இருமல் மட்டும் நீங்கவில்லை. முதலில் வறட்டு இருமலாக இருந்தது, பிறகு வெண்மையான கோழையோடும், ஒரு வாரத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த சளியோடும் வந்தது. இரவில் படுத்தால் நெஞ்சுக்குள் விசில் போன்ற இளைப்புச் சத்தம் கேட்டது. இருமி இருமி விலா எலும்புகள் வலிப்பதாக அவர் சொன்னார். சளியின் நிறத்தைக் கண்டு அஞ்சிய நான், மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். அது தவறு என்பதை மருத்துவரிடம் போன பிறகே அறிந்தேன்.

அம்மாவுக்கு வந்திருந்த மூச்சுக்குழாய் அழற்சி, அதாவது நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களின் வீக்கம், பெரும்பாலும் வைரஸால் வருவதால் ஆன்டிபயாடிக் அதற்குப் பயன்படுவதில்லை என்றும், சளிக்கு அந்தப் பச்சை நிறத்தைத் தருவது கிருமியோடு போராடும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதிதான் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். இருமல் அடங்க மூன்று வாரங்கள்கூட ஆகலாம். நிறத்தைவிட மூச்சைத்தான் கவனிக்க வேண்டுமாம்: அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல் எடுத்தாலோ நிமோனியாவா என்று பார்க்க வேண்டும். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பமான பேச்சு மட்டும்கூட அதன் அறிகுறியாக இருக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. சளியில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்வது நம் நாட்டில் மிகவும் அவசியம். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

பிறகு அவர் அம்மாவிடம், "போன வருஷமும் இப்படித்தான் இருமினீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பனிக்காலம் வந்தா மூணு மாசம் இருக்கும், அது எப்பவும் உள்ளதுதானே" என்றார் அம்மா.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று மாதங்களாவது சளியோடு இருமல் இருந்து, அதற்கு வேறு நோய் காரணமில்லை என்றால், அது நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி எனப்படுகிறது. புகைபிடிப்பவர்களுக்கே அது வரும் என்று எண்ணியிருந்தேன். அம்மா முப்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன்னே குனிந்து ஊதியவர். அவர் 'அடுப்படி இருமல்' என்று சொல்லிக்கொண்டே எங்களுக்குச் சமைத்துப் போட்ட அத்தனை ஆண்டுகளிலும், அதை ஒரு நோயாக நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று தெரிந்தது. குழாயில் ஊதச் சொல்லி எடுத்த ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில்தான் மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருப்பது தெரிந்தது.