குனிந்து நின்ற வண்டி

ஜூன் 3, 2024

முப்பந்தலில் இன்று இரண்டு முறை உயிர் தொண்டைவரை வந்துவிட்டுப் போனது. செந்துளுவன் வாழைக் குலைகளைத் திருநெல்வேலியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். காவல்கிணறு தாண்டியதும் பிக்கப் என் பேச்சைக் கேட்க மறுத்தது. இடப்பக்கம் நகரும், திருத்துவேன். திருத்தியதை வாங்கிக்கொண்டு வலப்பக்கம் போகும், மறுபடி திருத்துவேன். அறுபதைத் தாண்டினால் இந்த விளையாட்டு இன்னும் கூடுகிறது. பின்னால் வந்த பேருந்துக்காரர் நான் குடித்திருப்பதாக நினைத்திருக்க வேண்டும், ஹாரனிலேயே திட்டினார்.

இசக்கியம்மன் கோவில் முன்னால் நிறுத்தி, காணிக்கை போட்டு, டீ குடித்தேன். பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் காற்றாலைகளைக் காட்டினார். "கணவாய்க் காற்று அண்ணாச்சி. காலி வண்டியைச் சும்மா விடாது." இன்னும் ஆனி பிறக்கவில்லை, அதற்குள் இந்தப் பாடா என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் தோள்பட்டை கடுக்கிறது.

ஜூன் 6

வேர்கிளம்பியிலிருந்து வடசேரி கனகமூலம் சந்தைக்கு நேந்திரன் ஏற்றிப் போனேன். வண்டி நிறைய லோடு. நூல் பிடித்தது போல நேராகப் போனது. அப்படியானால் காற்றேதான். விட்டது தொல்லை.

ஜூன் 8

விடவில்லை.

அதிகாலை ஐந்து மணிக்கு லோடு இறக்கிவிட்டு வடசேரியிலிருந்து கிளம்பினேன். வில்லுக்குறி தாண்டித் தக்கலைவரை சாலையில் ஆளில்லை, தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. ஆனாலும் அதே அலைச்சல். காற்றின் மேல் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. இழுப்பு வேறு, அலைச்சல் வேறு. வண்டி எப்போதும் ஒரே பக்கம் போனால் அது இழுப்பு. ஒரு டயரில் காற்றுக் குறைவு, ஒரு பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, சாலையே ஓரமாகச் சரிந்திருப்பது என்று காரணங்கள் உண்டு. சரிவினால்தானோ என்று நடுச்சாலையிலும் ஓட்டிப் பார்த்தேன். அங்கும் இரண்டு பக்கமும் மாறி மாறித்தான் போகிறது. நேராக நிற்கும் புத்தியே வண்டிக்குப் போய்விட்டது.

ஜூன் 9, ஞாயிறு

அக்காள் மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். அவனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்தேன். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கை அசைந்ததும் டிராக் லிங்க் அசைய வேண்டும், அது அசைந்ததும் சக்கரம் அசைய வேண்டும். எங்கே ஒன்று அசைந்து அடுத்தது தாமதிக்கிறதோ அங்கே தேய்மானம். டிராக் லிங்க் முனையில் ஒரு நூலளவு ஆட்டம் இருந்தது. இத்தனை அலைச்சலுக்கு அது போதுமா என்று எனக்கே சந்தேகம்.

பிறகு முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினோம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கிலும், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னிலும் உள்ள ஆட்டம் தெரியும்; இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் ஆட்டம் தெரியும். இரண்டிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முன் இடது டயரில் காற்று எட்டு பவுண்டு குறைவாக இருந்தது, நிரப்பினேன்.

திண்ணையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மை கேட்டாள்: "ஏன் மக்கா, வண்டி முட்ட வரும் கிடா மாதிரி குனிந்து நிற்கிறது?" காலில் சகதியோடு நின்ற எனக்கு எரிச்சல்தான் வந்தது. "வண்டி அப்படித்தான் நிற்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

ஜூன் 11

காற்று நிரப்பியும் மாற்றமில்லை. ஒரு பணிமனையில் விட்டேன். பெயர் வேண்டாம். டிராக் லிங்க் முனை, டை ராட் முனைகள் இரண்டு, கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். "ஸ்டியரிங் பாக்ஸிலும் ஆட்டம் இருந்தது, முறுக்கிவிட்டேன்" என்றார். கேட்க நன்றாக இருந்தது.

ஜூன் 12

முன்பைவிட மோசம். வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வர மறுக்கிறது. நான்தான் பிடித்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் சரியாக நடுவில் நிற்காது. பாக்ஸின் மேலே இருக்கும் திருகைக் கூடுதலாக இறுக்கினால் உள்ளே பற்கள் கவ்விக்கொள்ளும் என்று மருமகன் சொன்னான். அந்தத் திருகு தேய்மானத்துக்கு ஈடுகட்ட வைத்தது. வண்டியை நேராக்க வைத்ததில்லை. மறுபடி போய், கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்திவைத்தோம். பழைய அலைச்சல் திரும்பக் கிடைத்தது. அதில் ஒரு நிம்மதி வந்ததை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

ஜூன் 14

வீல் அலைன்மென்ட். கணினி, கேமரா, குளிர்சாதன அறையில் காத்திருப்பு, கடைசியில் ஒரு அச்சுத்தாள். டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ நோக்கும் அளவு, சரியாக வைத்தாயிற்று. கேம்பர், பக்கவாட்டுச் சாய்வு, சரி. கேஸ்டர், அதாவது கிங் பின் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, என்ற வரியில் இடது 0.9, வலது 1.1 என்று சிவப்பில் இருந்தது. கையேட்டில் இரண்டரை டிகிரி. அந்தப் பையனிடம் காட்டினேன். "உங்கள் வண்டிக்கு முன்பக்கம் ஒற்றை ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். அதில் கேஸ்டர் திருத்த இடமில்லை அண்ணே, அதைப் பார்க்க வேண்டாம்" என்றான். சிவப்பில் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டாம் என்றால் எப்படி? தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 19

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேஸ்திரி இருக்கிறார். இப்போது பாதி நாள் கடையைத் திறப்பதில்லை. பானட்டைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். முதல் கேள்வி: "காலியாக இருக்கும்போது அலைகிறதா, லோடோடு அலைகிறதா?"

"காலியாகத்தான். லோடு இருந்தால் ஒரு குறையும் இல்லை."

"பின்னால் என்ன செய்தாய்?"

பதினாறு நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஏப்ரலில், ஒரு ஸ்பிரிங் பட்டறையில், பின்பக்கம் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் இரண்டு பட்டை கூட்டி, வளைவும் அடித்து வாங்கியிருந்தேன். ஆர்.சி. புத்தகத்தில் ஒன்றே கால் டன் சொச்சம், நான் ஏற்றுவது இரண்டு டன்னுக்குப் பக்கம். வண்டி பின்னால் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று செய்தது. சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

அவர் கடை வாசலில் நின்ற சைக்கிளைக் காட்டினார். முன் கவை நேராக நிற்கவில்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். அதனால் சக்கரம் எப்போதும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபட்டு வரும் பொருள் நேராகத்தான் வரும். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வண்டியில் கிங் பின்னின் சாய்வுதான் அந்தக் கவை. பின்பக்கத்தைத் தூக்கினால் வண்டி மொத்தமும் மூக்குக் குத்துகிறது, சாய்வு நிமிர்ந்துவிடுகிறது. "உன் வண்டி நீளத்துக்கு இரண்டு அங்குலம் தூக்கினால் ஒரு டிகிரி போகும்" என்றார். லோடு ஏற்றினால் பின்பக்கம் இறங்கி, போன சாய்வு திரும்பி வருகிறது. சட்டைப்பையிலிருந்து அச்சுத்தாளை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் படித்துவிட்டு, "இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே" என்றார்.

அம்மை பத்து நாளுக்கு முன்பே சொல்லிவிட்டாள். இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை.

ஜூன் 20

அளந்தோம். பின் சட்டம் பழைய உயரத்தைவிட மூன்று அங்குலம் மேலே. முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 118 அங்குலம். மருமகன் கால்குலேட்டரில் போட்டு 1.46 டிகிரி என்றான். காணாமல் போன கணக்கு ஏறக்குறைய அப்படியே நேராகிறது.

இரண்டு பக்கமும் ஒரே தூரம்தானா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. முதலில் கொடிக்கயிற்றை எடுத்தான் மருமகன்; தென்னங்கயிறு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நீளம் காட்டியது. பிறகு கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, நான்கு சக்கர மையத்திலிருந்தும் சிமெண்டுத் தளத்தில் புள்ளி வைத்து, இரும்பு டேப்பில் அளந்தோம். இடப்பக்கம் 11 மில்லிமீட்டர் கூடுதல். பின் ஆக்ஸிலின் இடது முனை பின்னால் போயிருக்கிறது! பட்டை கூட்டியபோது போட்ட, பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்டின் தலை, ஆக்ஸில் மேடையின் துளைக்குச் சிறியது. உள்ளே உட்காராமல் நகர்ந்திருக்கிறது. இத்தனை நாள் நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே இருந்ததன் காரணம் இதுதான். வண்டி நண்டு போல ஒருக்களித்து ஓடியிருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

மேஸ்திரியின் கடையிலேயே பிரித்தோம். கூட்டிய பட்டைகளை எடுத்து, மற்றவற்றைப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, சரியான தலையுள்ள சென்டர் போல்ட், பட்டைகளை ஆக்ஸிலோடு இறுக்கும் புதிய யு போல்ட்கள். யு போல்டைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். 500 கிலோமீட்டர் ஓடியதும் கண்டிப்பாக மறுபடி இறுக்க வேண்டும் என்றார். பட்டைகள் அமர்ந்ததும் நட்டு தளருமாம். கிங் பின்னுக்கு கிரீஸ் அடித்தோம்.

"அப்படியானால் ஓணத்துக்கு?" என்று கேட்டேன். செப்டம்பர் 15 ஓணம். அதற்கு ஒரு மாதம் முன்பே உப்பேரி என்ற வாழைக்காய் வறுவலுக்கு நேந்திரன் கேட்டுக் கேரள எல்லை தாண்டி ஆள் வந்துவிடும்.

"இரண்டு நடை போ" என்றார். டீசல் யார் தருவது என்று கேட்க வாய் வரை வந்தது.

ஜூன் 26

அலைன்மென்ட் மறுபடி பார்த்தேன். இடது 2.3, வலது 2.5. அதே பையன்தான் இருந்தான். தாளை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "எப்படி அண்ணே திருத்தினீர்கள்?" என்றான். பின்பக்கத்தைக் காட்டினேன்.

மாலையில் காலி வண்டியாகவே முப்பந்தல்வரை போனேன். ஆனிக் காற்று முகத்திலும் விலாவிலும் மாறி மாறி அறைந்தது. வண்டி நகரத்தான் செய்கிறது, காற்று பொய்யில்லை. ஆனால் ஒருமுறை திருத்தினால் போதும், நடுவில் வந்து நிற்கிறது. தோவாளை தாண்டும்போது எழுபத்தைந்தில் இருந்தேன். பிச்சிப்பூ வாசம் வந்தது, அதைக் கவனிக்க முடிந்தது.

ஜூன் 30

யு போல்ட் இறுக்கியாயிற்று. எட்டு நட்டில் மூன்று மட்டும் கால் சுற்று உள்ளே போயின.

கழற்றிய நான்கு பட்டைகள் பலாமரத்தடியில் கிடக்கின்றன. பழைய இரும்புக்குப் போடலாம் என்றிருந்தேன். இன்று வழியில் போன கொல்லர் நின்று, ஒன்றைத் தூக்கிப் பார்த்து, நகத்தால் தட்டினார். ஒரு பட்டைக்கு இரண்டு வெட்டுகத்தி வரும், கூலிக்குப் பதிலாக ஒரு பட்டையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். குலை வெட்ட நல்ல கத்தி இல்லாமல்தான் இருக்கிறது. சரி என்றேன்.

அம்மை வண்டியைப் பார்த்துவிட்டு, "இப்போது நிமிர்ந்து நிற்கிறதே" என்றாள்.