தூராத குழி

பல் பிடுங்கிய குழி, கிணறு தூர்வதுபோல் சில மாதங்களில் எலும்பால் தூர்ந்துவிட வேண்டும். அந்த அம்மாவின் கீழ்த்தாடையில் அது தூரவே இல்லை. ஏழு மாதம் ஆகியும் நேற்றுத் தோண்டியதுபோல் ஓரங்கள் கூர்மையாக நின்றன. வாய்க்குள் பார்த்தால் ஈறின் நடுவே ஒரு நெல்மணி அளவு எலும்பு மஞ்சளாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஸ்கேன் சீட்டில் மருந்து என்ற இடத்தில் இரத்த அழுத்த மாத்திரை மட்டும் எழுதியிருந்தது. "ஊசி ஏதாவது போட்டுக்கொள்கிறீர்களா, அம்மா?" என்றேன்.

"மாதம் ஒன்று போடுகிறார்கள். அது எலும்புக்குப் பலம் வருவதற்குத்தானே, டாக்டர்?"

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் போடப்படும் சோலெட்ரோனிக் அமிலம் அது. எலும்பைக் கரைக்கும் செல்களை அது அடக்குகிறது. புற்றுநோயாளிக்கு அது பெரிய காப்பு. ஆனால் பழைய எலும்பு கரைந்தால்தான் புதியது வளரும். அந்த வேலை நின்றுபோனால் சிலருக்குத் தாடை எலும்பு செத்துப்போகிறது. 2003 முதல்தான் மருத்துவ உலகம் இதைக் கவனித்து எழுதத் தொடங்கியது. கதிர்வீச்சு சிகிச்சை பெறாத தாடையில், இத்தகைய மருந்து எடுத்தவருக்கு, எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரேயான அவருடைய ஓபிஜியில் குழியைத் தவிர வேறெதுவும் உறுத்தவில்லை. அதில் நான் ஆறுதல் கொள்வதில்லை. எலும்பின் தாதுச்சத்து ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் குறைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் அழிவு தெரியும். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்தோம். ஒவ்வொரு வெட்டுப்படமாக நகர்த்தினேன். குழிக்குக் கீழே ஒரு வெள்ளைத் துண்டு, அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம்: செத்துப் பிரிந்துகொண்டிருக்கும் எலும்பு. வெளியே நெல்மணி, உள்ளே இரண்டு கடைவாய்ப்பற்களின் அகலம். தாடை எலும்புக்குள் நரம்பு ஓடும் குழாயின் கூரையை அது இன்னும் தொடவில்லை. தாடையின் கீழ்விளிம்பும் தடிமன் குறையாமல் இருந்தது. அது மெலிந்திருந்தால் சாப்பிடும்போதே தாடை முறியலாம் என்பதால் அந்த விளிம்பை இரண்டு முறை பார்த்தேன்.

அறுவை மருத்துவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "எதுவரை எடுக்கலாம்?" எனக்கு இது மிகக் கடினமான கேள்வி. சிபிசிடி எலும்பின் வடிவத்தைக் காட்டும். மஜ்ஜையில் தொடங்கிய மாற்றத்தைக் காட்டாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். அதில் தெரியும் மாற்றம் முழுவதும் செத்த எலும்பு என்றும் சொல்லிவிட முடியாது. படத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். உண்மையான எல்லை, உயிருள்ள எலும்பிலிருந்து இரத்தம் கசியும் இடம்தான் என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். என் கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளித்தான் கசிந்ததாம். எடுத்த எலும்பில் புற்றுநோய் பரவவில்லை என்று நோய்க்குறியியல் அறிக்கை வந்த அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆறு மாதம் கழித்து மறுபடம் எடுத்தோம். திறந்ததும் நரம்புக் குழாயின் கூரையைத்தான் தேடினேன். முழுதாக இருந்தது. வெட்டிய ஓரம் மழுங்கியிருந்தது.