எஃப்டிஸ்க்கில் பிரித்தது சரி, டிரைவ் எழுத்து மாறியதைத்தான் கவனிக்கவில்லை

எங்கள் அச்சகத்தில் ஒரு விண்டோஸ் 98 கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா 2001-இல் வாங்கியது. பென்டியம் 3, 20 ஜிபி ஹார்ட் டிஸ்க். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று அப்பா செய்த வேலை முழுவதும் அதில்தான் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகக் கிடக்கிறது. எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருவுக்கான கீபோர்டு மென்பொருள் புதிய கணினியில் ஏறவே மாட்டேன் என்கிறது. அதனால் அந்தப் பெட்டியை விட முடியவில்லை.

டி டிரைவ் நிரம்பிப்போய்விட்டது. இரண்டாவதாக ஒரு டிஸ்க் மாட்டிவிடலாம் என்று செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய், 80 ஜிபி ஐடிஇ (பழைய வகை இணைப்பு) டிஸ்க் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தேன். ஜம்பரை ஸ்லேவில் (இரண்டாவது டிஸ்க் என்று காட்டும் நிலையில்) வைத்து மாட்டியதில் ஒரு பிரச்சினையும் இல்லை. விண்டோஸ் இல்லாமலே கணினியைக் கிளப்பும் ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பிதான் படுத்தியது. இருந்த மூன்றில் இரண்டு படிக்கவே இல்லை. மூன்றாவது எழுந்தது.

டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கட்டளையை அடித்ததும் பெரிய டிஸ்க் வசதி வேண்டுமா என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒய் (Y) அடியுங்கள். என் (N) அடித்தால் ஃபேட்16 என்ற பழைய கோப்பு முறைதான் கிடைக்கும், ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பகுதி) 2 ஜிபியைத் தாண்டாது. அப்புறம் மெனுவில் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்து இரண்டாவது டிஸ்க்குக்குப் போனேன். அங்கே டிஸ்க்கின் அளவு 10,780 மெகாபைட் என்று காட்டியது.

80 ஜிபி என்று காசு வாங்கிக்கொண்டு 10 ஜிபியைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. மறுநாள் கடையை மூடிவிட்டு, டிஸ்க்கைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு மறுபடி சென்னைக்குப் போனேன். கடைக்காரரிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டிஸ்க்கை வாங்கித் தன் கணினியில் மாட்டி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"தம்பி, எண்பதுதான் இருக்கு பாருங்க. நீங்க போட்டது 98 ஃப்ளாப்பியா?"

"ஆமாண்ணே."

"அதோட எஃப்டிஸ்க்குக்கு 64-க்கு மேல எண்ணத் தெரியாது. டிஸ்க் மேல தப்பு இல்ல."

விஷயம் இதுதான். பழைய எஃப்டிஸ்க் டிஸ்க்கின் அளவைக் கணக்கிட 16 பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது. அதில் 65,535-க்கு மேல் அடங்காது. 80 ஜிபி டிஸ்க் என்றால் மெகாபைட் கணக்கில் 76,300 சொச்சம். 65,536 ஆனதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடுகிறது, மிச்சம் 10,700 சொச்சம்தான் திரையில் வருகிறது. மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்து 2000-லேயே திருத்திய எஃப்டிஸ்க்கை வெளியிட்டுவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. கணினி ஆன் ஆனதும் முதலில் வரும் பயாஸ் திரையைப் பார்த்திருந்தாலே போதும், அங்கே சரியான அளவுதான் இருந்தது. அந்த அண்ணன் திருத்திய எஃப்டிஸ்க்கை ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நான் பேசிய பேச்சுக்கு அவர் அப்படி நடந்துகொண்டது இன்னும் மனதை உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். இப்போது அளவு சரியாகக் காட்டியது. பாதி பிரைமரி (முதன்மைப் பகுதி), மீதிப் பாதி எக்ஸ்டெண்டட் (உள்ளே மேலும் பிரித்துக்கொள்ளும் பகுதி), அதற்குள் ஒரு லாஜிக்கல் டிரைவ். அளவு கேட்கும் இடத்தில் 50 என்று மட்டும் அடித்துவிடாதீர்கள். அது 50 மெகாபைட் என்று எடுத்துக்கொள்ளும். சதவீதக் குறியையும் சேர்த்து 50% என்று அடிக்க வேண்டும். இன்னொன்று, எஃப்டிஸ்க்கை எத்தனை முறை திறந்தாலும் அது முதல் டிஸ்க்கில்தான் நிற்கும். மேலே தெரியும் டிஸ்க் எண்ணை ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுத்தான் அடுத்த விசையைத் தொட வேண்டும். இந்த இரண்டிலும் நான் தவறவில்லை.

தவறியது அதற்கப்புறம்.

பிரித்து முடித்து, ஃப்ளாப்பியிலேயே மறுபடி பூட் செய்தேன். என் கணக்கு இப்படி இருந்தது: பழைய டிஸ்க்கில் சி, டி. புதியதில் ஈ, எஃப். ஆகவே முதலில் ஈ டிரைவை ஃபார்மேட் செய்ய வேண்டும். 38 ஜிபியை முழுதாகச் செய்தால் நேரமாகும் என்று பின்னால் விரைவு ஃபார்மேட்டுக்கான /கியூ (/Q) போட்டேன். எல்லாத் தகவலும் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. புது டிஸ்க்தானே என்று ஒய் அடித்தேன்.

அடுத்த வரியில், எவ்வளவு மெகாபைட்டை ஃபார்மேட் செய்கிறது என்று ஒரு எண் வரும். 38 ஆயிரம் வர வேண்டிய இடத்தில் 14 ஆயிரம் சொச்சம் வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. 14 ஜிபி என்பது அப்பாவின் டி டிரைவ். என் கை விசைக்குப் போவதற்குள் ஃபார்மேட் முடிந்துவிட்டது.

ஃப்ளாப்பியில் எழும் டாஸும் விண்டோஸ் 98-உம் டிரைவ் எழுத்து கொடுக்கும் வரிசை இதுதான். முதலில் எல்லா டிஸ்க்குகளின் பிரைமரி பார்ட்டிஷன்களுக்கும் எழுத்து கொடுக்கும், அதன் பிறகே லாஜிக்கல் டிரைவ்களுக்கு வரும். முதல் டிஸ்க்கின் பிரைமரி சி. நான் புதிதாகப் போட்ட பிரைமரி டி ஆகிவிட்டது. முதல் டிஸ்க்கில் லாஜிக்கலாக இருந்த அப்பாவின் டி, ஒரு எழுத்து தள்ளி ஈ ஆகிவிட்டது. விண்டோஸுக்குள் ஒருமுறை போயிருந்தால் மை கம்ப்யூட்டரிலேயே தெரிந்திருக்கும். ஃப்ளாப்பியிலேயே வேலையை முடிக்கப் பார்த்ததில் அது கண்ணில் படவில்லை.

இன்னொரு அடையாளமும் இருந்தது. இதுவரை ஃபார்மேட் ஆகாத பார்ட்டிஷனில் /கியூ ஓடாது. பழைய ஃபார்மேட் இல்லை, முழு ஃபார்மேட் செய்யட்டுமா என்று நிறுத்திக் கேட்கும். ஒரு கேள்வியும் இல்லாமல் ஓடுகிறது என்றால் அங்கே ஏற்கெனவே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து ஃபார்மேட் அடிப்பதற்கு முன் டிர் ஈ: என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். கோப்புப் பட்டியல் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு பெயர் கொடுத்து வைத்தால், டிர் அடித்ததும் முதல் வரியிலேயே அந்தப் பெயர் தெரியும்.

இரண்டாவது டிஸ்க் மாட்டுபவர்களுக்கு நல்ல வழி, அதில் பிரைமரியே போடாமல் விடுவது. முழுவதையும் எக்ஸ்டெண்டட் ஆக்கி, உள்ளே லாஜிக்கல் டிரைவ்கள் மட்டும் வையுங்கள். இரண்டாவது டிஸ்க்கில் எஃப்டிஸ்க் இதற்கு மறுப்புச் சொல்லாது. அப்போது பழைய டி, டி ஆகவே இருக்கும், புதியவை ஈ, எஃப் என்று பின்னால் வரும். நான் பிற்பாடு அழித்துவிட்டு அப்படித்தான் மாற்றினேன். அழிக்கும்போது முதலில் லாஜிக்கல், அப்புறம் எக்ஸ்டெண்டட், கடைசியில் பிரைமரி. லாஜிக்கலை அழிக்காமல் எக்ஸ்டெண்டடை அழிக்க விடாது.

அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், உடனே கணினியை அணைத்ததுதான். அந்த டிஸ்க்கில் அதற்குமேல் ஒரு பைட்கூட எழுதவில்லை. அப்பாவிடம் சொல்ல இரவு வரை தைரியம் வரவில்லை. சொன்னதும், "சிடில கொஞ்சம் எடுத்து வச்சிருக்கோமே?" என்றார். அந்த சிடியில் இருந்தவை பல வருடங்களுக்கு முந்தையவை.

தகவல் மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஓர் இடத்தில் கேட்டேன். டிஸ்க்கை விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பார்ப்பதற்கே கட்டணம், திரும்ப வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. என்ன முறையில் எடுப்பீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

யூஎஸ்பி அடாப்டர் வழியாக லினக்ஸ் மடிக்கணினியில் இணைத்து, டிடி கட்டளையால் டிஸ்க்கை முழுதாக ஒரு படிமம் (அப்படியே ஒரு நகல்) எடுத்தேன். மீட்பு வேலை எல்லாம் அந்தப் படிமத்தில்தான் நடந்தது, அசலைத் தொடவில்லை. ஃபேட்32-இல் விரைவு ஃபார்மேட், ஃபேட் அட்டவணையின் இரண்டு நகல்களையும் மேல்மட்டக் கோப்புறைப் பட்டியலையும் மட்டும்தான் வெறுமையாக்குகிறது. உள்ளே இருக்கும் கோப்புறைகளின் பட்டியல்கள் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். மீட்பு மென்பொருள் அவற்றைத் தேடிப் பிடித்தது. கோப்புகள் அவற்றின் பெயரோடு வந்தன. மேல்மட்டக் கோப்புறைகளின் பெயர்கள் மட்டும் போய்விட்டன, அவற்றுக்குப் பதில் வெறும் எண்கள். டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறி இருந்த கோப்புகள் சில திறக்கவில்லை. எந்தத் துண்டுக்கு அடுத்தது எது என்ற கணக்கு அந்த அட்டவணையில்தான் இருந்தது, அது இல்லாமல் அவற்றை ஒட்ட முடியாது.

முதல் பத்திரிகை திரையில் திறந்து, பிள்ளையார் சுழியும் "நிகழும் மங்களகரமான" என்ற வரியும் எழுத்து உடையாமல் வந்தபோது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தினமும் அச்சகம் மூடியபின் அவர் அந்த எண் போட்ட கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறார். உள்ளே ஒரு பத்திரிகையைப் பார்த்ததும் யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம், தாளின் நிறம்கூடச் சொல்லிவிடுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயரை அடிக்கிறேன். இன்னும் அறுபது கோப்புறைகள் பாக்கி.