ஒரே ஒரு படம்

“இதுல அந்த நாடகத்தைப் பத்தி எத்தன பக்கமுங்க இருக்குது?”

ஈரோடு புத்தகத் திருவிழாவில், ஒரு நடிகரின் தன்வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா கடைக்காரத் தம்பியிடம் கேட்டார்.

அவர் முன்னுரையையோ விலையையோ பார்க்கவில்லை. நடுவில் இருந்த படத்தாள்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, தாம் இரவுதோறும் தொலைக்காட்சியில் கண்ட அந்த வேடத்தில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், “வேண்டாமுங்க தம்பி” என்று புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

எனக்கு லியனார்ட் நிமோய் நினைவுக்கு வந்தார்.

1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஸ்பாக் என்ற பாத்திரமாக நடித்த அவர், 1975இல் எழுதிய தன்வரலாற்றுக்கு ‘நான் ஸ்பாக் அல்ல’ என்று பெயரிட்டார். பாத்திரத்தையே அவர் உதறிவிட்டதாக எண்ணி ரசிகர்கள் பலர் சினந்தார்கள். (அட்டையை மட்டும் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமில்லை போலும்.) 1995இல் வந்த அடுத்த நூலின் பெயர் ‘நான் ஸ்பாக்’.

நடிகரின் பிள்ளைப்பருவத்தையும் கடன்களையும் குடும்பச் சிக்கல்களையும் ரசிகர்கள் படிக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களுக்குள் அவர்கள் பாத்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைகிறார்கள்.

அந்த அம்மா அடுத்த கடையில் ஒரு கோலப் புத்தகம் வாங்கினார்.