ஓர் இலக்கம் படுத்திய பாடு: அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம் எடுத்த அனுபவம்

அம்மாவுக்குச் சேரவேண்டிய விதவை ஓய்வூதியம் ஒருவழியாக அவருடைய வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கிவிட்டது. ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மனுசியை, சரியாகப் பார்த்தெழுதாத ஓர் இலக்கத்துக்காக, கதிரை கதிரையாக இருத்தி எழுப்பியவர்கள் மீதுள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் அப்பாவைப் போல, இலங்கை இராணுவம் ‘சிலோன் ஆமி’ என்று அழைக்கப்பட்ட காலத்தில் படையில் சேர்ந்து, 1983க்கு முன்னரே ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களின் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் இன்னமும் இருக்கின்றன. அவர்களில் எவருக்காவது உதவும் என்றுதான் இதனை எழுதுகிறேன்.

தொடக்கக் கட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரணத்தைப் பதிந்து, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தோடு பிரதேச செயலகத்தின் ஓய்வூதியக் கிளைக்கு அறிவித்ததுமே அப்பாவின் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. நிறுத்துகிற விடயத்தில் அவர்களை ஒரு குறையும் சொல்ல முடியாது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தொலைந்துபோன விவாகச் சான்றிதழுக்கும் புதிய பிரதியைச் சிரமமில்லாமல் எடுத்துக்கொண்டோம். இந்த இடத்தில் ஒரேயொரு எச்சரிக்கை: ஓய்வூதியர் இறந்த பின்னர் அவருடைய கணக்கில் விழும் பணத்தை, அந்தியேட்டிச் செலவுக்கு என்றாலும், வங்கி அட்டையைக் கொண்டுபோய் எடுத்துவிடாதீர்கள். அது திருப்பிச் செலுத்தவேண்டிய பணம். அதனைத் தீர்க்காமல் அடுத்த விண்ணப்பம் நகராது.

சிக்கல் தொடங்கியது விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய இலக்கத்தைக் கேட்டபோதுதான். அப்பா வாங்கிய ஓய்வூதியம் அவருடைய சேவைக்கானது; அம்மாவுக்கு வருவது, சேவைக்காலத்தில் அவருடைய சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்ட பங்களிப்புக்கானது. ஆயுதப்படையினருக்கென்று 1970ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இதற்குத் தனித் திட்டமே இருக்கிறது. ஆகவே கோவையும் வேறு, இலக்கமும் வேறு. இது விளங்காமல் “ஐயாவின்ரை பென்சன் அப்படியே அம்மாவுக்கு மாறும்தானே” என்று எங்களுக்கு நம்பிக்கையூட்டியவர்கள் பலர். ரணவிரு சேவா அதிகாரசபைக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அந்தச் சபை, போரில் இறந்த, காணாமற்போன, அங்கவீனமான படையினர் மற்றும் பொலிசாரின் குடும்ப நலன்களைக் கவனிப்பதற்கானது. வயது போய்க் கட்டிலில் இறந்த ஒரு ஓய்வூதியரின் மனைவி அங்கே போய்ச் செய்வதற்கு எதுவுமில்லை.

பிரதேச மட்டத்தில் அந்த இலக்கம் இல்லை என்பதால், சேவைக் கோவையை வைத்திருக்கும் படைத்தரப்பு அலுவலகத்துக்கு எழுதினோம். நீண்ட காலம் பதிலே இல்லை. பின்னர் வந்த பதில் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தெரிந்த ஓர் ஆசிரியரைக் கொண்டு வாசித்தபோது, குறிப்பிட்ட படைச்சேவை இலக்கத்தில் அப்படி ஒருவர் சேவையாற்றியதாகப் பதிவில்லை என்று இரண்டு வரியில் முடித்திருந்தார்கள். மாதாமாதம் அரசாங்கம் ஓய்வூதியம் கொடுத்துவந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் அவர்கள் இப்படி எழுதியிருந்தார்கள்.

நேரில் போனால் தீரும் என்று, அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரவு பேருந்தில் கொழும்புக்குப் போனேன். விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் லீவு. அவருக்குப் பதிலாக இருந்தவர் கோவையைத் தேடவுமில்லை, எங்கள் கடிதத்தை முழுதாக வாசிக்கவுமில்லை. படையிலிருந்து விலகும்போது கொடுக்கப்படும் விடுவிப்புப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். விடுவிப்புப் புத்தகம்! யாழ்ப்பாணத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒரு வீட்டில் ஆமிப் புத்தகம் இருப்பது என்ன பொருள் தரும் என்று அந்த மனிதருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சுற்றிவளைப்பில் வருகிறவர்களுக்கு அது ஒரு கேள்வி, இயக்கத்துக்கு அது வேறொரு கேள்வி. அப்பா அதனை என்ன செய்தார் என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சீருடையில் எடுத்த படங்களும் அதோடு போய்விட்டன.

அவர் அழிக்க நினைக்காத ஒன்று மிஞ்சியிருந்தது. சேவையிலிருந்து வரும்போது கொண்டுவந்த பச்சை நிறத் தகரப் றங்குப்பெட்டி, அடுப்படி மூலையில் தேங்காயும் பழைய சாக்கும் போட்டு வைக்கும் பெட்டியாகக் கிடந்தது. மூடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வெள்ளை மையில், முத்து முத்தான எழுத்தில் அவருடைய சேவை இலக்கமும் தந்தையின் பெயரின் முதலெழுத்தும் இருந்தன. அவருடைய ஓய்வூதிய அட்டையில் கையால் எழுதியிருந்த இலக்கத்தோடு ஒப்பிட்டபோது நடு இலக்கம் ஒன்று உதைத்தது. பெட்டியில் 7, அட்டையில் 1. பல வருடங்களுக்கு முன்னர் யாரோ ஒரு எழுதுவினைஞர் ஏழின் தலையைக் கவனிக்காமல் பிரதிசெய்ததை, அதற்குப் பின் வந்த ஒவ்வொருவரும் அப்படியே பார்த்தெழுதியிருக்கிறார்கள். ஓய்வூதியம் வேறொரு இலக்கத்தில் வழங்கப்பட்டுவந்ததால் இந்தப் பிழை ஒருவருடைய கண்ணிலும் படவில்லை.

பெட்டியின் மூடியைப் படம் பிடித்துக்கொண்டு உள்ளூர் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் அதனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “அண்ணை, றங்குப்பெட்டியைக் கோவையிலை போடேலாது” என்றார். அவர் சொன்னதும் சரிதான், பெட்டி ஆதாரமாகாது. ஆனால் எந்த இலக்கத்தைத் தேடச் சொல்வது என்பது இப்போது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இதன் பிறகுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுத்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. அம்மாவின் பெயரிலும் கையொப்பத்திலும், தமிழில், பதிவுத் தபாலில் விண்ணப்பத்தை அனுப்பினோம். “கோவை எங்கே”, “ஏன் தாமதம்” என்று பொதுவாகக் கேட்காமல், இந்தச் சேவை இலக்கத்துக்குரியவரின் பெயர் என்ன, அவருடைய விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் என்ன, மனைவி என்று பதியப்பட்டிருப்பவர் யார் என்று, ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகவே கேட்டிருந்தோம். முந்திய பதில் சிங்களத்தில் மட்டும் வந்திருந்ததைக் குறிப்பிட்டு, அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தின்படி தமிழில் பதில் தருமாறும் ஒரு வரி சேர்த்தோம். பதில் தமிழில் வந்தது. எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன என்பது வேறு விடயம். இல்லாத கோவை இருந்தது, இலக்கமும் இருந்தது. அம்மா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “அப்ப மனுசன் ஆமியிலை இருந்தவர்தான்” என்றார்.

ஆனால் மூன்றாவது கேள்விக்கு வந்த பதில் அடுத்த சில்லெடுப்பாயிற்று. மனைவியின் பெயராக அப்பா அந்தக் காலத்தில் பதிந்திருந்தது, வீட்டில் எல்லோரும் கூப்பிடும் பெயர். விவாகச் சான்றிதழில் பதிவுப் பெயர். பிறப்புப் பதிவிலோ, அக்காலத்துப் பதிவுகள் பலவற்றைப் போல, பிள்ளையின் பெயருக்குரிய இடமே வெறுமையாகக் கிடந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த முதலாவது சத்தியக்கடதாசியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம், எந்தெந்த ஆவணத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று அதில் சொல்லப்படவில்லையாம். இதனை முதலிலேயே ஒருவர் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சத்தியக்கடதாசி முடிப்பவர்கள், ஒவ்வோர் ஆவணத்தையும் அதன் திகதியோடு குறிப்பிட்டு, அதில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதே எழுத்துக்களில், ஆங்கிலமாயின் ஆங்கில எழுத்துக்களிலேயே, எழுதுவியுங்கள். தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கத்தையும் புதிய 12 இலக்கத்தையும் இரண்டையும் போடுங்கள். விதானையாரின் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்கிறதா என்று வாசலைத் தாண்டுவதற்கு முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாததால் எங்களுக்கு இன்னொரு நாள் வீணானது.

நல்லதையும் சொல்லவேண்டும். பெயர்ச் சிக்கலில் எங்களுக்கு உண்மையில் உதவியவர், ஓய்வூதியக் கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஓர் இளம் பிள்ளை. அம்மாவைப் படியேற விடாமல் தானே கீழே இறங்கிவந்து கையொப்பம் வாங்கினார். முழுக் கோவையையும் படியெடுத்து, இலக்கம் மாறியிருந்த இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, விளக்கக் கடிதத்தையும் சிங்களத்தில் தானே எழுதி இணைத்தார். அதன் பின்னர் ஒரு தடையும் வரவில்லை.

உங்கள் வீட்டில் ஓய்வூதியர் இன்னும் இருக்கிறார் என்றால், அவர் இருக்கும்போதே விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய இலக்கத்தையும், அதில் மனைவியின் பெயர் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டுத் திருத்தக்கூடியதை, அவருக்குப் பிறகு நீங்கள் சத்தியக்கடதாசிகளால் திருத்தவேண்டி வரும். பொதுவான விளக்கத்துக்கு ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். கோவைக்குள் இருப்பது என்ன என்பதைத் தொலைபேசியில் எதிர்பார்க்கவேண்டாம். அதற்கு எழுத்துத்தான் வழி.

அப்பா இறந்த நாளிலிருந்து ஓய்வூதியம் தொடங்கிய மாதம் வரைக்குமான நிலுவை இன்னும் வந்து சேரவில்லை. கணக்கிட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நினைவூட்டல் கடிதம் ஒன்று பதிவுத் தபாலில் போயிருக்கிறது, பற்றுச்சீட்டு கோவையில் இருக்கிறது. அதற்கும் பதில் வராவிட்டால் அடுத்த தகவல் விண்ணப்பத்தின் கேள்விகளைத் தானே சொல்லி எழுதுவிக்கப்போவதாக அம்மா அறிவித்திருக்கிறார்.