பெரியப்பாவோட யூரோ பென்ஷன்

எங்க பெரியப்பா ஒரு சொல்தா. பாண்டிக்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேணாம், வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவர், பாஸ்போர்ட் பிரான்ஸ், மாசாமாசம் பென்ஷன் யூரோவுல வரும், அங்க தேர்தல்னா இங்க பாண்டியிலயே போய் ஓட்டு போட்டுட்டு வந்துடுவார்.

2017ல பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தல் வந்தப்போ வீட்ல ஒரே பேச்சு இதுதான். வலதுசாரி கட்சித் தலைவி மரீன் லெ பென், நான் ஜெயிச்சா யூரோவை விட்டுட்டு சொந்த காசு கொண்டு வருவேன், ஐரோப்பிய யூனியன்ல இருக்கணுமான்னு ஜனங்க கிட்டயே வாக்கெடுப்பு வெப்பேன்னு பேசிட்டிருந்தாங்க. பெரியப்பா கேட்டது ஒண்ணுதான்: "புது காசு வந்து மதிப்பு எறங்கிடுச்சுன்னா எம் பென்ஷன் ரூபாய்ல எவ்ளோம்மா வரும்?"

பிரான்ஸ்ல பேங்க்ல கொஞ்சம் பணம் சேத்து வெச்சிருந்த வயசானவங்களுக்கும் இதே பயம்தான். மே 3ந்தேதி டிவி விவாதத்துல எதிர்த்து நின்ன மக்ரோன் இதையே புடிச்சு கேட்க, கம்பெனிங்களுக்கு ஒரு காசு ஜனங்களுக்கு ஒரு காசுங்கற மாதிரி லெ பென் குழப்பி பதில் சொல்லி, கடைசியில ஓட்டுல மக்ரோன் 66 சதவீதம் இவங்க 34.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நான் ரொம்ப கவனிச்சு பாத்தேன். யூரோவை விட்டு வெளியேறணும்னு பிடிவாதமா இருந்த, லெ பென் கட்சியோட துணைத் தலைவர் ஃபிலிப்போ அதே செப்டம்பர்ல கட்சியை விட்டே போயிட்டார், 2018ல கட்சி பேரு மாறிச்சு, 2019 ஐரோப்பிய தேர்தல் அறிக்கையில யூரோவை விட்டு போறதுங்கற பேச்சே இல்ல, உள்ள இருந்தே மாத்துவோம்னு ஆயிடுச்சு. பக்கத்துல பிரிட்டன் பிரெக்ஸிட்ல, அதாவது யூனியனை விட்டு வெளிய போற வேலையில மாட்டிக்கிட்டு திண்டாடினதையும் எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க இல்ல. அந்த 2019 தேர்தல்ல லெ பென் கட்சி 23 சதவீதத்தோட முதலிடம், 2024 ஐரோப்பிய தேர்தல்ல கட்சியோட புது தலைவர் பார்தெல்லா தலைமையில 31. மக்ரோன் அன்னிக்கு ராத்திரியே பிரெஞ்சு பார்லிமென்ட் கீழ்சபையை கலைச்சுட்டார்.

பெரியப்பா இப்போ, அவங்கதான் யூரோவை தொடலையேம்மான்னு நிம்மதியா பேசறார். எனக்கு அந்த நிம்மதி வரல. லெ பென்னோட 2022 ஜனாதிபதி தேர்தல் அறிக்கையை உக்காந்து படிச்சேன், ஐரோப்பிய சட்டத்தை விட பிரெஞ்சு சட்டம்தான் மேல, யூனியனுக்கு குடுக்கற பணத்தை குறைப்போம், எல்லையில திரும்ப சோதனை வெப்போம். லக்சம்பர்க்ல இருக்கற ஐரோப்பிய யூனியன் கோர்ட்டோட தீர்ப்பு எல்லா நாட்டுக்கும் ஒண்ணுங்கறதாலதான் அந்த யூனியனே நிக்குது, எங்க சட்டம்தான் பெருசுன்னு ஒரு பெரிய நாடே சொல்லிட்டா அப்புறம் உள்ள இருந்து என்ன, வெளிய போயி என்ன? ஜனங்க எதுக்கு பயந்தாங்களோ அந்த வரியை மட்டும் எடுத்துட்டாங்க, மீதி அப்படியே இருக்கு.

இந்த மாதிரி கட்சிங்க ஆட்சிக்கு வந்தாதான் கவலைன்னும் இல்ல. 2013 ஜனவரியில அப்போ பிரிட்டிஷ் பிரதமரா இருந்த கேமரூன், யூனியன்ல இருக்கணுமான்னு வாக்கெடுப்பு நடத்தறேன்னு வாக்கு குடுத்தப்போ, யூனியனை விட்டு வெளியேறணும்னு சொன்ன ஃபராஜோட கட்சிக்கு பிரிட்டிஷ் பார்லிமென்ட் கீழ்சபையில ஒரு சீட் கூட கிடையாது, தன் ஓட்டு அந்தப் பக்கம் போயிடுமோன்னு ஆளுங்கட்சி பயந்ததே போதுமா இருந்துச்சு, 2016ல 51.9 சதவீதம் வெளியேறணும்னு சொல்லிட்டாங்க.

2027ல திரும்ப பிரான்ஸ்ல ஜனாதிபதி தேர்தல். பெரியப்பாவுக்கு கண்ணு சரியா தெரியறதில்ல, அறிக்கை வந்தா நான்தான் படிச்சு காட்டணும். காசு பக்கத்தை அப்புறம் படிக்கலாம் பெரியப்பா, முதல்ல சட்டம் பத்தி எழுதியிருக்கற பக்கத்தை படிக்கிறேன்னு இப்பவே சொல்லி வெச்சிருக்கேன்.