சைகோனில் ஓர் அக்கா

பலருக்கு வெளிநாடு என்றால் ஐந்து நாள், ஐம்பது படம். அதில் தவறில்லை. ஆனால் வாடகை கொடுத்து, ஒரு மழைக்காலத்தைக் கடந்து, காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகுதான் ஓர் ஊர் நம்மோடு பேசத் தொடங்குகிறது.

சைகோனில் எனக்கு இது மூன்றாவது வருடம். சந்து முனையில் காப்பிக் கடை வைத்திருப்பவரை நான் "சி" என்று கூப்பிடுகிறேன், அக்கா. என்னை அவர் "எம்" என்கிறார், தம்பி. வியட்நாமிய மொழியில் நீ, நான் என்பதற்கே உறவுமுறைதான். வயதைத் தெரிந்துகொள்ளாமல் பேச்சைத் தொடங்குவதே கடினம். ஊர்த் திண்ணையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது எனக்கு.

மொழி கற்றுத்தருவதும் அக்காதான். கண்ணாடி டம்ளரில் டின் பாலை ஊற்றி, மேலே சின்ன அலுமினிய வடிகட்டியை வைப்பார். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை பாடம். 'மா' என்ற ஒரே அசை, குரலை ஏற்றி இறக்குவதில் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று மாறும். நாற்றுக்கு உரிய ஒலி தொண்டையிலேயே சட்டென்று அறுந்து விழ வேண்டும். எனக்கு வாய்க்க இரண்டு மாதம் ஆனது. வாய்த்த அன்று அக்கா காசு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோவிலுக்குப் போவேன். அந்தக் காலத்தில் இங்கே வந்து தொழில் செய்த தமிழர்கள் கட்டியது. வியட்நாமியர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். கருவறைக்குப் பின்சுவரில் நெற்றியை வைத்து, தங்கள் மொழியில் அம்மனிடம் மெல்லப் பேசுகிறார்கள். போன வாரம் அக்காவும் வந்திருந்தார். மகனுக்குப் பரீட்சையாம்.